நான்கு குவாண்டம் எண்கள்: மனப்பாடம் ஆகிவிட்டது, ஆனால் இந்த வரம்புகளை யார் வைத்தது?

பீடோர்_மகள் | இரவு 9:14

எல்லாருக்கும் வணக்கம். மெட்ரிகுலேஷன் முதல் செமஸ்டர் படிக்கிறேன். வீடு பீடோர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். விடுமுறைக்கு வந்திருக்கிறேன். இங்கே லைன் விட்டு விட்டுத்தான் வரும், பதில் தாமதமானால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கெமிஸ்ட்ரியில் அணுவில் உள்ள எலக்ட்ரானுக்கு நான்கு எண் என்று ஒரு பாடம். என், எல், எம், எஸ். எங்கள் ட்யூஷன் சார் அதை இப்படிச் சொல்லிக் கொடுத்தார்: முதல் எண் எந்தத் தோட்டம், இரண்டாவது எந்த லயம், மூன்றாவது, அந்த லயத்தில் எந்த வீடு, நான்காவது அந்த வீட்டில் இருக்கும் இரண்டு பேரில் யார். கேட்டவுடன் புரிந்தது. எங்கள் வீடே லயத்து வீடுதான், புரியாமல் எப்படி?

ஆனால் பயிற்சி செய்ய உட்கார்ந்தால் உதைக்கிறது. முதல் தோட்டத்தில் ஒரே ஒரு லயம், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. யார் வைத்த கணக்கு இது? முதல் எண் 3 என்றால் இரண்டாம் எண் 0, 1, 2 மட்டும்தானாம். ஏன் 3 ஆகக்கூடாது? மூன்றாம் எண் −2, −1, 0, +1, +2 என்று போகிறது. வீட்டு எண்ணில் மைனஸ் எதற்கு? நான்காவது இன்னும் மோசம், +½ அல்லது −½. அரை எங்கிருந்து வந்தது?

லெக்சரரிடம் கேட்டேன். விதியைச் சரியாக எழுதினால் மார்க் உண்டு, காரணம் சிலபஸில் இல்லை என்றார். தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், கணக்கு கொஞ்சம் வந்தாலும் பரவாயில்லை.


ஈப்போ_ராக்கெட் | இரவு 9:31

சிஸ், இதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் எண் 0 முதல் (என் − 1) வரை. மூன்றாம் எண் −எல் முதல் +எல் வரை. நான்காவது இரண்டே இரண்டு. எல்லாம் சேர்த்தால் ஒரு கூட்டுக்கு, அதாவது ஒரு முதல் எண்ணுக்கு, 2என்² எலக்ட்ரான்: 2, 8, 18, 32. ஒரு தாளில் எழுதிக் கழிவறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் ஏ எடுத்தேன்.


இலை_லேப் | இரவு 10:48

தங்கச்சி, ட்யூஷன் சாரைக் குறை சொல்லவில்லை. தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்து எழுத அந்த லயத்துக் கணக்கு போதும். ஆனால் லயத்தைத் துரை அளந்து கட்டினார், கிராணி வீட்டுக்கு எண் போட்டார். எலக்ட்ரானுக்கு அப்படி யாரும் கட்டிவைத்து எண் கொடுக்கவில்லை. அணுவிலிருந்து வந்த வெளிச்சத்தை அளந்து பார்த்தார்கள்; கையில் இருந்த எண்களால் கணக்கு ஒத்துவராதபோதெல்லாம் இன்னொரு எண் தேவைப்பட்டது. நான்கும் அப்படி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை.

நான் இதை ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. தெலுக் இந்தான் பக்கம் ஒரு லேப்பில் வேலை. செம்பனையின் 17ஆம் மட்டையிலிருந்து இலையை வெட்டி அனுப்புவார்கள். அதை உலர்த்தி, அரைத்து, சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, பொட்டாசியம் எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு என்று அளந்து கொடுக்க வேண்டும். எந்தப் பிளாக்குக்கு எத்தனை மூட்டை எம்.ஓ.பி. (பொட்டாசிய உரம்), எத்தனை மூட்டை கீசரைட் (மக்னீசிய உரம்) என்பதெல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகும். உங்கள் தோட்டத்து இலையும் எங்கள் மேசைக்கு வந்திருக்கலாம், யார் கண்டது.

பொட்டாசியத்தை எப்படி அளக்கிறோம் தெரியுமா? கரைசலைத் தீச்சுடரில் தூவுகிறோம். சுடர் இளம் ஊதாவாகும். ஆனால் கருவி அந்த ஊதாவைப் பார்ப்பதில்லை. 766.5 நானோமீட்டர் என்ற ஒரே அலைநீளத்தை, கண்ணுக்குத் தெரிகிற சிவப்பின் கடைசி ஓரத்தை, மட்டும் பார்க்கிறது. பொட்டாசியத்துக்கு 19 எலக்ட்ரான். கடைசி ஒன்று 4எஸ்ஸில் இருக்கிறது. (முன்னால் உள்ளது முதல் எண்; இரண்டாம் எண் 0, 1, 2, 3 என்பதை எஸ், பி, டி, எஃப் என்று எழுத்தால் சொல்வார்கள். இந்த எஸ் வேறு, நான்காம் எண்ணான எஸ் வேறு.) சூட்டில் அது 4பிக்கு ஏறுகிறது, திரும்ப இறங்கும்போது அந்த வெளிச்சத்தை விடுகிறது. 4எஸ், 4பி இரண்டுக்கும் முதல் எண் ஒன்றேதான், 4. மாறியது இரண்டாம் எண் மட்டும்: 0இலிருந்து 1, பிறகு 1இலிருந்து 0. எங்கள் உரக் கணக்கு முழுவதும் அந்த இரண்டாம் எண்ணை நம்பித்தான் ஓடுகிறது.

இப்போது வரிசையாக வருகிறேன்.

1913இல் நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளர் ஒரே ஒரு எண்ணை வைத்து ஹைட்ரஜனைச் சமாளித்தார். எலக்ட்ரானின் ஆற்றல் −13.6ஐ என்²ஆல் வகுத்தால் வருவது, எலக்ட்ரான் வோல்ட்டில். அதை வைத்துப் போட்டால் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு 656.3, நீலப்பச்சைக் கோடு 486.1 எல்லாம் அழகாக வந்து உட்காரும். ஹைட்ரஜனில் எலக்ட்ரான் ஒன்றே ஒன்று, அதனால் 2எஸ்ஸும் 2பியும் ஏறக்குறைய ஒரே ஆற்றல். சோடியத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. உள்ளே இருக்கிற 10 எலக்ட்ரான் கருவை மறைக்கின்றன. எஸ் எலக்ட்ரான் அந்த மறைப்புக்குள் நுழைந்து கருவின் பக்கத்திலும் கொஞ்சம் இருக்கும். பி எலக்ட்ரான் அவ்வளவு நுழையாது. ஆகவே 3எஸ் கீழே, 3பி மேலே. இடைவெளி சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட். உப்பைக் கேஸ் அடுப்பில் தூவினால் வருகிற மஞ்சள் அதுதான். முதல் எண் மட்டும் வைத்துக்கொண்டு அந்த மஞ்சளை விளக்க வழியே இல்லை. 1915, 16 வாக்கில் சோமர்ஃபெல்ட் அடுத்த எண்களைக் கொண்டுவந்தார்.

சரி, ஏன் 3க்கு 3 கிடையாது? இதற்கு 1926 வரை போகவேண்டும். ஷ்ரோடிங்கர் எலக்ட்ரானை அலையாக எழுதினார். கருவின் இழுப்பில் மாட்டிய அலை இஷ்டத்துக்கு எந்த வடிவமும் எடுக்க முடியாது. சில இடங்களில் அது பூஜ்யமாகும், அந்த இடத்துக்குக் கணு என்று பெயர். முதல் எண் என்ன சொல்கிறது என்றால், மொத்தக் கணு என் − 1. முதல் எண் 3 என்றால் கணு 2.

கணு இரண்டு வகை. ஒன்று கருவைச் சுற்றி உருண்டையாக இருக்கும். இன்னொன்று கருவின் நடுவாகவே வெட்டிக்கொண்டு போகும். இரண்டாம் எண் என்பது வெட்டிப்போகிற கணு எத்தனை என்ற எண்ணிக்கை, அவ்வளவுதான். 3எஸ்: உருண்டை 2, வெட்டு 0. 3பி: உருண்டை 1, வெட்டு 1. 3டி: உருண்டை 0, வெட்டு 2. இனி '3எஃப்' வேண்டும் என்று கேட்டால் வெட்டு 3 வேண்டும். கையில் இருப்பதோ மொத்தமே 2 கணு. உருண்டைக் கணு −1 ஆனால்தான் கணக்கு சரியாகும், கணு எண்ணிக்கை எப்படி மைனஸில் போகும்? அதனால்தான் 3எஃப் இல்லை. யாரும் தடை போடவில்லை, அப்படி ஒரு அலை எழுதவே வராது. முதல் எண் 1 என்றால் கணுவே கிடையாது, ஆக இரண்டாம் எண் 0 மட்டும். உங்கள் 'முதல் தோட்டத்தில் ஒரே லயம்' கேள்விக்கும் இதுதான் பதில்.

மூன்றாம் எண்ணுக்கு மைனஸ் எதற்கு என்றால், அது வீட்டு எண் இல்லை, சுற்றும் திசை. ஓர் அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அச்சைச் சுற்றி அலை ஒரு முழுச் சுற்று வந்ததும், தொடங்கிய இடத்தில் தன்னோடு தானே ஒட்ட வேண்டும். ஆகவே ஒரு சுற்றில் முழு அலை 0, 1, 2 என்றுதான் இருக்கலாம், ஒன்றேகால் இருக்க முடியாது. இந்தப் பக்கம் சுற்றினால் பிளஸ், அந்தப் பக்கம் மைனஸ். மேல் வரம்பு ஏன் என்றால், மொத்தக் கோண உந்தத்தின் (எவ்வளவு சுற்று இருக்கிறது என்பதன்) அளவு எல்(எல்+1) என்பதன் வர்க்கமூலம். எல் 2 என்றால் 6இன் வர்க்கமூலம், சுமார் 2.45. ஓர் அச்சில் விழும் பங்கு மொத்தத்தைவிடப் பெரிதாக முடியாது. 2 சரி, 3 ஆகாது.

'எந்த அச்சு' என்று கேட்பீர்கள். நாம் காந்தத்தை எந்தப் பக்கம் வைக்கிறோமோ அந்த அச்சு. காந்தம் இல்லையென்றால் ஐந்து டி நிலைகளுக்கும் ஒரே ஆற்றல், பிரித்துக் காட்டவே முடியாது. லைடனில் சீமன் 1896இல் சோடியச் சுடரைக் காந்தத்துக்கு நடுவில் வைத்தபோதுதான் அதன் கோடுகள் அகன்றதைப் பார்த்தார். எனக்குத் தோட்டம், லயம், வீடு உவமையில் பிடிக்காத இடமும் இதுதான். காந்தத்தைத் திருப்பினால் யார் வீட்டு எண்ணாவது மாறுமா?

நான்காவதைத் தைப்பிங் சார் வந்து எழுதட்டும், எனக்குக் கை வலிக்கிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பொட்டாசியத்தின் 766.5க்குப் பக்கத்திலேயே 769.9இல் இன்னொரு கோடு இருக்கும். 4பியிலிருந்து 4எஸ்ஸுக்கு இறங்குவது ஒரே படிதானே, ஏன் இரண்டு கோடு? சோடியத்திலும் அப்படித்தான், 589.0, 589.6. ருபிடியத்தில் ஏறத்தாழ 780, 795. அணு கனமாக ஆக இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன. முதல் மூன்று எண்ணை எப்படிப் புரட்டினாலும் இதற்கு விடை கிடையாது.


ஆறாம்_படிவம் | காலை 6:20

கூப்பிட்டதால் வந்தேன். தைப்பிங்கில் ஆறாம் படிவத்துக்கு ரொம்ப வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தவன். இப்போது பணி ஓய்வு, காலை நடையும் பேப்பரும்தான்.

அம்மா பீடோர்_மகள், அரை எங்கிருந்து வந்தது என்று கேட்டாய். நல்ல கேள்வி. 1922இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஸ்டெர்ன், கெர்லாக் என்ற இருவர் வெள்ளியை ஆவியாக்கி, மெல்லிய கற்றையாக ஒரு சீரற்ற காந்தப் புலத்தின் வழியே விட்டார்கள். கற்றை இரண்டாகப் பிரிந்து கண்ணாடித் தகட்டில் படிந்தது. வெள்ளியில் 47 எலக்ட்ரான், கடைசி ஒன்று 5எஸ். இரண்டாம் எண் 0 என்றால் மூன்றாம் எண்ணும் 0 மட்டும்தானே? கற்றை பிரியவே கூடாது. சரி, ஏதோ காரணத்தால் 1 என்றே வைத்துக்கொண்டாலும் −1, 0, +1 என்று மூன்றாகத்தான் பிரியவேண்டும். இரண்டாம் எண் எதுவாக இருந்தாலும் பிரிவுகள் 2எல்+1, எப்போதும் ஒற்றைப்படை.

கிடைத்ததோ இரண்டு. '2 பெருக்கல் ஏதோ ஒரு எண், கூட்டல் 1' என்பது 2 ஆகவேண்டும். அந்த எண் என்ன? போட்டுப் பார்.

அரை. அதுதான் நீ கேட்ட அரை. −½க்கும் +½க்கும் இடைவெளி 1, மற்ற எண்களைப் போலவே ஒவ்வொன்றாக ஏறுகிறது, பார்.

சோதனை செய்தவர்களுக்கே அப்போது இதுதான் காரணம் என்று தெரியாது. நீல்ஸ் போர், சோமர்ஃபெல்ட் இருவரின் பழைய கொள்கை நிரூபணமாகிவிட்டது என்று நினைத்துத் தகட்டின் படத்தை அஞ்சலட்டையில் போருக்கு வாழ்த்தாக அனுப்பினார் கெர்லாக். 1925இல் பௌலி, எலக்ட்ரானுக்கு இரண்டே மதிப்பு எடுக்கும் நான்காவது எண் ஒன்று வேண்டும், ஓர் அணுவில் இரண்டு எலக்ட்ரானுக்கு நான்கு எண்ணும் ஒன்றாக இருக்கக்கூடாது என்றார். அதே ஆண்டு ஊலன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இரண்டு இளைஞர்கள் அது எலக்ட்ரானின் சுழற்சி என்று எழுதினார்கள். லோரென்ட்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்து, எலக்ட்ரான் நிஜமாகவே உருண்டையாகச் சுழல்வதென்றால் அதன் மேற்பரப்பு ஒளியைவிட வேகமாக ஓடவேண்டுமே என்றார். பயந்துபோய்க் கட்டுரையைத் திரும்பப் பெறலாம் என்று தங்கள் பேராசிரியர் ஏரன்ஃபெஸ்டிடம் ஓடினால், அவர் அதை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தார். நல்ல வேளை.

அதனால் 'சுழற்சி' என்றவுடன் பம்பரத்தை நினைக்காதே. எலக்ட்ரானோடு பிறந்த ஒரு கோண உந்தம், அதோடு ஒரு காந்தத் தன்மை, அவ்வளவே. இலை_லேப் தம்பி சொன்ன இரட்டைக் கோட்டுக்குக் காரணமும் இதுதான். 4பியில் எலக்ட்ரானுக்குச் சுற்றுவதால் ஒரு கோண உந்தம், தன்னுடையதாக ஒன்று. இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்தால் ஓர் ஆற்றல், எதிரெதிராக நின்றால் சற்றுக் குறைந்த ஆற்றல். 4எஸ்ஸில் சுற்று கிடையாது, அது பிரியாது.

தம்பி எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். பாடப்புத்தகத்தில் பிஎக்ஸ், பிஒய், பிசெட் என்று மூன்று படம் போட்டு, பக்கத்தில் −1, 0, +1 என்று எழுதிவைத்திருப்பார்கள். பிசெட் 0 என்பது சரி. மற்ற இரண்டும் +1, −1 இரண்டையும் கலந்து செய்தவை. பிஎக்ஸுக்குத் தனியாக +1 என்று எழுதுவது தவறு. கேள்வித்தாளில் கேட்டால் புத்தகத்தில் உள்ளதை எழுதிவிட்டு வா, மார்க்கை விடாதே.


பீடோர்_மகள் | காலை 11:05

சார், அண்ணே, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கணுக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன், 4எஃப் வரைக்கும் சரியாக வருகிறது. உப்பையும் அடுப்பில் தூவினேன். மஞ்சள் வந்தது, அம்மா போட்ட சத்தமும் வந்தது, குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததாம்.

இன்னொன்று. 4எஸ் முதலில் நிரம்பும், பிறகு 3டி என்று படித்தோம். ஆனால் இரும்பு எலக்ட்ரானை இழந்து அயனியாகும்போது 4எஸ்தான் முதலில் போகிறது. கடைசியாக வந்தவர்தானே முதலில் போகவேண்டும்?


ஈப்போ_ராக்கெட் | காலை 11:12

இது தேர்வில் 'இரும்பு 2+ எழுது' என்று மட்டும்தான் வரும். 3டி⁶, அதாவது 3டியில் ஆறு எலக்ட்ரான். முடிந்தது.


ஆறாம்_படிவம் | மதியம் 2:40

ராக்கெட், விடை சரி. ஏன் என்று கேட்கிற பிள்ளைக்கு அது போதாது.

அம்மா, மூன்று பேரை வரிசையில் நிறுத்து. பொட்டாசியம் அணு, கால்சியம் 1+, ஸ்காண்டியம் 2+. மூன்றிலும் 19 எலக்ட்ரான். நிரம்பும் வரிசை என்று ஒன்று கல்லில் செதுக்கியிருந்தால் மூன்றிலும் 19ஆவது எலக்ட்ரான் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். பொட்டாசியத்தில் 4எஸ். கால்சியம் 1+இல் 4எஸ். ஸ்காண்டியம் 2+இல் 3டி!

என்ன மாறியது? கரு. 19, 20, 21 என்று புரோட்டான் கூடுகிறது. கருவின் இழுப்பு ஏற ஏற 4எஸ், 3டி இரண்டுமே கீழே இறங்கும், ஆனால் 3டி வேகமாக இறங்கும். ஸ்காண்டியத்துக்கு வரும்போது 3டி கீழே போய்விடுகிறது. அப்படியானால் ஸ்காண்டியம் அணுவில் மூன்று எலக்ட்ரானும் ஏன் 3டிக்குப் போகவில்லை என்று அடுத்து கேட்பாய். 3டி சின்ன இடம். ஒன்று உள்ளே போனதும் அடுத்தது வந்தால் ஒன்றையொன்று பலமாகத் தள்ளும். 4எஸ் அகலமானது, அங்கே தள்ளல் குறைவு. மொத்த ஆற்றலைக் கூட்டிப் பார்த்தால் 3டி¹ 4எஸ்² மலிவாக முடிகிறது.

நிரம்பும் வரிசை, அதாவது 'என் கூட்டல் எல் குறைவாக உள்ளது முதலில்' என்ற விதி, ஒவ்வோர் அணுவாக நகரும்போது வருவது. அங்கே எலக்ட்ரானோடு புரோட்டானும் ஒன்று கூடுகிறது. அயனியாக்கும்போது கரு அப்படியே இருக்கிறது, எலக்ட்ரான் மட்டும் கழலுகிறது. இரண்டும் வேறு வேறு வேலை, ஒன்றைப் பின்னோக்கி ஓட்டினால் மற்றது வராது. இரும்பில் 3டி⁶ 4எஸ்². இரண்டு போனால் 3டி⁶, மூன்று போனால் 3டி⁵. குரோமியம் 3டி⁵ 4எஸ்¹, செம்பு 3டி¹⁰ 4எஸ்¹ என்று அந்த விதியே வழுக்குகிற இடங்களும் உண்டு.


இலை_லேப் | மதியம் 3:02

சார், 'மலிவாக முடிகிறது' என்ற சொல்லைக் கடன் வாங்கிக்கொள்கிறேன். புது டிரெய்னிகளுக்கு இதை விளக்க இவ்வளவு நாளாகத் திண்டாடிக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி, ஒரு கூடுதல் தகவல். 4எஸ்ஸிலிருந்து பொட்டாசிய எலக்ட்ரான் 4பிக்குத்தான் ஏறுகிறது, 3டிக்கு நேராக ஏறுவதில்லை என்று கவனித்தீர்களா? ஒளி தன்னோடு ஓர் அலகு கோண உந்தத்தைக் கொண்டுவருகிறது. ஆகவே இரண்டாம் எண் ஒன்று கூடவேண்டும் அல்லது குறையவேண்டும். 0இலிருந்து 2க்குத் தாவ முடியாது. மக்னீசியத்தையும் அப்படித்தான் பிடிக்கிறோம், 285.2 நானோமீட்டரில், 3எஸ்ஸிலிருந்து 3பிக்கு. அது கண்ணுக்குத் தெரியாத புறஊதா. மக்னீசியமே உள்ள ஒரு லேம்பை ஏற்றி, சுடருக்குள் விட்டு, எவ்வளவு வெளிச்சம் காணாமல் போனது என்று பார்ப்போம். பக்கத்தில் எத்தனை கால்சியம் இருந்தாலும் அது இந்த வெளிச்சத்தைத் தொடாது, அதன் படி 422.7இல் இருக்கிறது.


பீடோர்_மகள் | மாலை 6:33

புரிந்தது அண்ணே. பயிற்சித் தாளில் எது தவறு என்று நான்கு கொடுத்திருந்தார்கள், போட்டுவிட்டேன். சரியா பாருங்கள்.

(3, 2, −3, +½) தவறு, எல் 2 என்றால் அச்சில் 3 விழாது. (4, 0, 0, −½) சரி. (2, 2, 1, +½) தவறு, ஒரே கணுவை வைத்துக்கொண்டு இரண்டு வெட்டு போட முடியாது. (3, 1, −1, 0) தவறு, நான்காவதற்கு 0 கிடையாது, கற்றை இரண்டாகத்தான் பிரிந்தது, நடுவில் எதுவும் இல்லை.


ஆறாம்_படிவம் | இரவு 8:10

நான்கும் சரி, காரணமும் சரி. இப்போது நான் ஒன்று கொடுக்கிறேன். ஓர் அணுவில் முதல் எண் 4, மூன்றாம் எண் +1 என்று அதிகபட்சம் எத்தனை எலக்ட்ரான் இருக்கலாம்? ராக்கெட், நீயும் போடு. கதவில் ஒட்டிய தாளைப் பார்க்காமல்.


ஈப்போ_ராக்கெட் | இரவு 8:14

32?


பீடோர்_மகள் | இரவு 8:21

32 மொத்தக் கூட்டுக்கு. +1 வரவேண்டும் என்றால் இரண்டாம் எண் 1, 2, 3 ஆக இருக்கலாம், 0 ஆகாது. ஆக 4பி, 4டி, 4எஃப் ஒவ்வொன்றிலும் ஓர் ஆர்பிட்டால், அதாவது ஒரு வீடு. மூன்றிலும் இரண்டிரண்டு பேர். 6.